கசந்துபோன சத்துமாவும் மங்கிப்போன தரையும்

திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"மேடம், எனக்கு ஐந்து வயதில் மகள், ஒன்றரை வயதில் மகன். பாக்கெட் சாமான்களை விட்டுவிட்டு முடிந்ததையெல்லாம் வீட்டிலேயே செய்வது என்று தை மாதம் முடிவெடுத்தேன். பதினேழு பொருள் கொண்ட பட்டியலே போட்டேன். கம்பு, கேழ்வரகு, நிலக்கடலை, பாதாம் எல்லாம் சேர்த்து நான்கு கிலோ சத்துமாவு அரைத்தேன். மூன்றே வாரத்தில் கசந்துவிட்டது. இஞ்சி பூண்டு விழுது அரைத்து மேலே எண்ணெய் ஊற்றி வைத்தேன். பச்சை நிறமாகி, மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்று வந்தது. எலுமிச்சைத் தோலை ஊறவைத்த தண்ணீரில் ஒரு மாதமாகத் தரை துடைக்கிறேன், மொசைக் தரை மங்கிப்போய்விட்டது. மாமியார், 'இதுக்குக் கடையிலயே வாங்கியிருக்கலாம்' என்கிறார். அடுத்து உப்பையும் பற்பசையையும் மாற்றலாம் என்று இருந்தேன், இப்போது பயமாக இருக்கிறது. நான் எங்கே தவறு செய்தேன்? மீதி இரண்டு கிலோ மாவை என்ன செய்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

மனையியல் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டு உணவுப் பதப்படுத்தல் பாடம் எடுத்தவள் நான். வகுப்புக்கு வந்த பெண்களும் சரி, மகளிர் குழுப் பயிற்சிக்கு வந்த அக்காக்களும் சரி, முதலில் கெடுத்தது இந்தச் சத்துமாவைத்தான். அதனால் உங்கள் கடிதத்தில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. உங்கள் எண்ணத்தில் குறை இல்லை, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஒன்றை மட்டும் யோசிக்க வேண்டும். கடைப் பொருளுக்குப் பின்னால் யாரோ சில வேலைகளைச் செய்திருக்கிறார்கள். ஈரத்தை எடுத்திருப்பார்கள், புளிப்பேற்றியிருப்பார்கள், கொதிக்க வைத்து மூடியிருப்பார்கள். வீட்டில் செய்யும்போது அந்த வேலை நம் கைக்கு வந்துவிடுகிறது. அந்த வேலை நமக்குத் தெரிந்த இடத்தில் தைரியமாகச் செய்யலாம். தெரியாத இடத்தில் கொஞ்சமாகச் செய்து அன்றே தீர்க்க வேண்டும். இரண்டும் முடியாத சில பொருள்களைக் கடைக்காரரிடமே விட்டுவிட வேண்டும்.

சத்துமாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பதினேழில் உழைப்புக்கு ஏற்ற பலன் அதில்தான் அதிகம். மாவு கசந்ததற்கு இரண்டு பேர் காரணம்: கம்பும் கடலையும். கம்பில் நூறு கிராமுக்கு ஐந்து கிராம் அளவுக்குக் கொழுப்பு உண்டு. கேழ்வரகில் இரண்டு கிராம்கூடக் கிடையாது. கம்பு முழுத் தானியமாக இருக்கும்வரை அந்தக் கொழுப்பு பத்திரமாக இருக்கும். அரைத்த நிமிடமே தானியத்துக்குள் இருக்கும் ஒரு நொதி அந்தக் கொழுப்பை உடைக்க ஆரம்பித்துவிடும். வறுக்காமல் அரைத்த கம்பு மாவு பத்து நாள் தாங்குவதே பெரிது. கிராமத்தில் கம்பை அன்றன்றைக்கு இடித்துக் கூழ் காய்ச்சினார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். நிலக்கடலையும் பாதாமும் பாதிக்குப் பாதி எண்ணெய்தான். மில்லில் அரைபடும்போது சூட்டில் அந்த எண்ணெய் கசிந்து மாவு முழுக்கப் பூசிக்கொள்ளும், பிறகு காற்றுப் பட்டுச் சிக்கு வாடை எடுக்கும். கசப்பு அங்கிருந்து வந்தது.

அதனால் கம்பையும், கடலை, பாதாம் போன்ற எண்ணெய்ப் பருப்புகளையும் சத்துமாவிலிருந்து பிரித்துவிடுங்கள். கடலை, பாதாம், முந்திரியை வாரத்துக்கு நூறு கிராம் மட்டும் வறுத்து, ஆறவைத்து, மிக்சியில் விட்டு விட்டு ஓட்டிப் பொடியாக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். கஞ்சி காய்ச்சி இறக்கும்போது ஒரு ஸ்பூன் போட்டால் போதும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பொடியாகத்தான் கொடுக்க வேண்டும், முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும். முதல்முறை கொடுக்கும்போது ஒவ்வொரு பருப்பாகக் கொடுத்து, தடிப்பு, வாந்தி ஏதும் வருகிறதா என்று பாருங்கள். கடலை வாங்கும்போது கையில் பரப்பிப் பார்த்து, சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். பூசணம் பிடித்த கடலையில் உண்டாகும் நச்சு ஈரலைப் பாதிக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இனி மாவு. அரைக் கிலோ கேழ்வரகு, கால் கிலோ கோதுமை, கால் கிலோ பச்சைப்பயறு, கால் கிலோ பொட்டுக்கடலை, வாசனைக்கு நான்கு ஏலக்காய், ஒரு துண்டு சுக்கு. ஒரு மாதத்துக்கு இது போதும், நான்கு கிலோ வேண்டாம். கேழ்வரகையும் பயறையும் கல் அரித்து, இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீர் வடித்து, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். காய்ந்துபோனால் தண்ணீர் தெளிக்கலாம். பயறு மறுநாளே முளைக்கும். கேழ்வரகுக்கு இன்னும் ஒரு நாள் பிடிக்கும். எள் மூக்கு அளவுக்கு வெள்ளையாக எட்டிப் பார்த்தால் போதும், நீள விடவேண்டாம். பிறகு பழைய வேட்டியை விரித்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள்.

காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. ஒரு மணியை வாயில் போட்டுக் கடியுங்கள். டக்கென்று உடைய வேண்டும். பல்லில் அமுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், மறுநாள் வெயிலும் காட்டுங்கள். மழைக்காலத்தில் முளைகட்டிக் காயவைக்கும் வேலையையே எடுக்காதீர்கள், காய்வதற்குள் பூசணம் முந்திக்கொள்ளும். காய்ந்தபின் இரும்புச் சட்டியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சிறு தீயில், வாசனை வரும்வரை வறுங்கள். வண்டு வைத்த முட்டை இருந்தாலும் இந்தச் சூட்டில் போய்விடும். முழுக்க ஆறவைத்து மில்லுக்கு எடுத்துப் போங்கள்.

மில்லில் இருந்து வந்ததும் பலரும் செய்யும் தவறு, டப்பாவை அப்படியே மூடி வைப்பது. மாவு உள்ளே சூடாக இருக்கும். மூடியின் உள்பக்கம் வேர்த்து, அந்த நீர் சொட்டி, மேல் மாவு கட்டி தட்டும், பிறகு பூசணம்தான். அகலமான தாம்பாளத்திலோ சுத்தமான துணியிலோ கொட்டி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். செய்தித்தாளில் கொட்ட வேண்டாம், அச்சு மை உணவில் ஒட்டும். ஆறியபின் சலித்து, ஒரு பெரிய டப்பாவுக்குப் பதில் கால் கிலோ டப்பாக்களில் பிரித்து வையுங்கள். தினமும் திறப்பது ஒன்றாகவே இருக்கட்டும்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்டால், முளைகட்டிய தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி உருவாகிறது. அந்த மாவில் காய்ச்சிய கஞ்சி கட்டியாகாமல் இளக்கமாக வரும். அதே டம்ளரில் மாவைக் கூடுதலாகப் போட்டுக் காய்ச்சலாம். சின்ன வயிறுள்ள பிள்ளைக்கு நாலு வாயிலேயே நிறைய சத்து உள்ளே போகும். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாலில் கலக்கும் பல பொடிகளின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், முதல் இரண்டு மூன்று வரிக்குள்ளேயே சர்க்கரை வந்துவிடும். இவற்றை "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவில் வைக்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகமே 2024 ஏப்ரலில் சொன்னது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். ஒரு நாள் உங்கள் மகளுக்கு இரண்டையும் காய்ச்சிக் கொடுத்துப் பாருங்கள். வெல்லமும் ஏலக்காயும் போட்டால் நம் கஞ்சி தோற்காது என்பது என் அனுபவம்.

இஞ்சி பூண்டு விழுதை உடனே கொட்டிவிடுங்கள். ருசி பார்க்கக்கூட வேண்டாம். பச்சை நிறத்துக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. பூண்டில் இருக்கும் கந்தகப் பொருள்கள் சில நேரம் அப்படி நிறம் மாறும், அதனால் கெடுதல் கிடையாது. நான் பயப்படுவது அந்த "புஸ்" சத்தத்துக்கு. உள்ளே கிருமி வளர்கிறது என்பதன் அடையாளம் அது. பூண்டும் இஞ்சியும் மண்ணுக்குள் விளைபவை. மண்ணில் போட்டுலினம் என்றொரு கிருமி உண்டு. காற்றுப் படாத, புளிப்பு இல்லாத, ஈரமான இடம் கிடைத்தால் அது கடும் நஞ்சைச் சுரக்கும். எண்ணெயை மேலே ஊற்றி நாம் செய்வது அந்த இடத்தை அமைத்துக் கொடுப்பதுதான். அந்த நஞ்சுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. கடை விழுதில் சிட்ரிக் அமிலம் சேர்ப்பதை நாம் "கெமிக்கல்" என்கிறோம். புளிப்பை அளக்கும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு கூடுகிறது என்று அர்த்தம். அந்த எண் 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது, அதற்காகத்தான் அந்த அமிலம்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். இஞ்சி, பூண்டு, கொஞ்சம் உப்பு, அரைக்கத் தேவையான அளவு மட்டும் எண்ணெய். தண்ணீர் விடாமல் அரைத்து, மூன்று நான்கு நாளைக்கு வேண்டியதை ஃபிரிட்ஜில் வைத்து, மீதியை ஐஸ் தட்டில் நிரப்பி ஃபிரீசரில் வையுங்கள். கட்டியானதும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு ஃபிரீசரிலேயே வைத்தால் இரண்டு மாதம் கவலையில்லை, குழம்புக்கு ஒரு கட்டி, பிரியாணிக்கு மூன்று கட்டி என்று போடலாம். கரண்ட் அடிக்கடி போகும் ஊரென்றால் இதுவும் வேண்டாம். சின்ன உரலில் அன்றன்றைக்குத் தட்டிப் போடுங்கள், அதன் மணமே தனி.

ஊறுகாய்க்கும் ஜாமுக்கும் இதே கணக்குதான். ஆரோக்கியம் என்று எலுமிச்சை ஊறுகாயில் உப்பைப் பாதியாகக் குறைப்பார்கள், பழ ஜாமில் சர்க்கரையைக் குறைப்பார்கள், பிறகு வெள்ளை படர்ந்துவிட்டது என்று வருத்தப்படுவார்கள். அங்கே உப்பும் சர்க்கரையும்தான் காவல்காரர்கள். குறைக்க வேண்டுமானால் பத்து நாளைக்கான அளவே செய்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தரைக்கு வருவோம். எலுமிச்சைத் தோல் தண்ணீர் புளிப்பு. மொசைக் என்பது சிமெண்டில் பளிங்குச் சில்லுகளைப் பதித்துத் தேய்த்தது. பளிங்கு சுண்ணாம்புக் கல். அமிலம் பட்டால் அரிக்கும், வெறும் கண்ணுக்குப் பளபளப்பு போனதாகத் தெரியும். பிளாஸ்டிக் வாளியில் வெள்ளையாகப் படியும் உப்புக்கறையும் பெரும்பாலும் அதே சுண்ணாம்புதான். எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் வாளி எப்படிச் சுத்தமாகிறதோ அப்படித்தான் உங்கள் தரை தேய்ந்திருக்கிறது. மார்பிளுக்கும் கடப்பாக் கல் மேடைக்கும் இது பொருந்தும். வினிகரும், பழத்தோலையும் வெல்லத்தையும் மூன்று மாதம் ஊறவைத்து எடுக்கும் பயோ என்சைமும் அதே புளிப்பு வகையைச் சேர்ந்தவை. போன பளபளப்பு துடைத்தால் திரும்பாது, பாலிஷ் போடுபவரைத்தான் கூப்பிட வேண்டும். மாமியாரிடம் அதை நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

எலுமிச்சைக்கும் புளிக்கும் உரிய இடம் குத்துவிளக்கு, செப்புக் குடம், வாளி, குழாய் முனை. தரைக்கும் பாத்திரத்துக்கும் நான் பரிந்துரைப்பது பூந்திக்கொட்டை. பதினைந்து கொட்டைகளை உடைத்து உள்விதையை எடுத்துப்போட்டு, தோலை அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்டுங்கள். டீ டிகாஷன் நிறத்தில், கலக்கினால் நுரை வரும். அந்த நுரைப் பொருள் சோப்பைப் போலவே எண்ணெயைப் பிரித்தெடுக்கும். ஒரு கரண்டி எடுத்து அரை வாளி வெந்நீரில் விட்டுத் தரையைத் துடைத்து, அப்புறம் நல்ல தண்ணீரில் ஒருமுறை துடையுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும். பாத்திரத்துக்கும் பட்டுப் புடவைக்கும் நகைக்கும் இதே தண்ணீர்தான். நான்கைந்து நாளில் நாற்றம் எடுக்கும், ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்தால் பொங்குமே, அது அழுக்கைப் போக்குவதுபோல் தெரியும். உண்மையில் வினிகரின் புளிப்பும் சோடாவின் காரத்தன்மையும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கடைசியில் கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா, உப்புக்கறைக்குப் புளிப்பு. அலுமினியப் பாத்திரத்தில் சோடா படவேண்டாம், கறுத்துவிடும்.

இந்த ஒன்றை மட்டும் அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் எலுமிச்சை, வினிகர், கழிவறை ஆசிட் எதுவும் படக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும். எங்கள் தெருவில் ஒரு பெண், பவுடர் தூவிய குளியலறையில் கறை போகவில்லையே என்று ஆசிட்டையும் ஊற்றினார். கதவு சாத்தியிருந்தது. இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தார். இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். அன்று அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியது நான்தான், அவர் மூச்சிழுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

உப்பையும் பற்பசையையும் தொடாதீர்கள். நேரடியாகச் சாப்பிடும் உப்பு அயோடின் சேர்த்ததாகத்தான் விற்க வேண்டும் என்று நாடு முழுவதும் 2006இல் விதி வந்தது. அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை மட்டும் வருவதில்லை, வளரும் பிள்ளையின் மூளையும் பாதிக்கப்படும். இந்துப்பில் அந்த அளவு அயோடின் இருக்காது. கல்லுப்புதான் பிடிக்கும் என்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பே கடையில் கிடைக்கிறது. பல்லுக்கு வீட்டுப் பொடியும் கரியும் வேண்டாம், சொரசொரப்பு பல்லின் மேல்பூச்சைத் தேய்க்கும். சொத்தை விழாமல் காப்பது பற்பசையில் சேர்க்கும் ஃபுளோரைடு. மகனுக்கு அரிசி மணி அளவு பசை, மகளுக்குப் பட்டாணி அளவு, துலக்கியதும் துப்பச் சொல்லிப் பழக்குங்கள். கொசுவுக்கு நொச்சிப் புகை போடுகிறவர்கள் உண்டு. பூட்டிய அறையில் குழந்தையை வைத்துக்கொண்டு எந்தப் புகையும் வேண்டாம். வலை கட்டுங்கள், வாரம் ஒருமுறை ஃபிரிட்ஜ் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும்வரை ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள்தான் எடுக்கும்.

இன்னொன்று, ஒன்றரை வயதுப் பிள்ளையோடு பதினேழும் முடியாது. இந்த மாதம் சத்துமாவும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும். பங்குனி, சித்திரை வெயில் வந்தால் மிளகாய், மல்லி, விரலி மஞ்சளைக் காயவைத்து ஆறு மாதத்துக்கான பொடியை அரைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளைத் தூளாக வாங்குவதைவிட விரலியாக வாங்குவதில் கலப்படத்துக்கு வாய்ப்பு குறைவு. வழவழவென்று மின்னும் விரலியைத் தவிர்த்து, கொஞ்சம் மங்கலாக, முறித்தால் உள்ளே ஆரஞ்சு நிறமாக இருப்பதை எடுங்கள். சீயக்காய் அரைக்க வேறு மில்லுக்குப் போங்கள். மாவு மில்லில் சீயக்காயை அரைத்துவிட்டால் அடுத்து வருபவரின் மிளகாய்த்தூளும் நுரைக்கும்.

மீதி இரண்டு கிலோ கசப்பு மாவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், வெல்லம் கூட்டி மறைக்கவும் வேண்டாம். அதைத் தனி டப்பாவில் போட்டு "சாப்பிட அல்ல" என்று எழுதி, பாத்திரம் தேய்க்கும் இடத்தில் வையுங்கள். வடை சுட்ட சட்டியில் ஒரு பிடி தூவி, தேங்காய் நாரால் வறட்டாகத் தேய்த்தால் எண்ணெய் முழுவதையும் மாவு உறிஞ்சிக்கொள்ளும். அதைத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவுங்கள். பிசுக்கு சிங்க் குழாய்க்குள் போகாது. இரண்டு கிலோ, ஐப்பசி தீபாவளிப் பலகாரச் சட்டிவரைக்கும் வரும்.